தம்பி அனுப்பிய துவக்கு

1

எங்கள் பஸ் டிப்போவில் செந்தில் என்று ஒரு மதுரைக்காரர் இருக்கிறார். என்னைப் போல அவரும் சாரதி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ண் புறநகரான வெரிபீயில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். குடும்பத்தோடு மூன்று கிழமை அமெரிக்கா சுற்றிப் பார்த்துவிட்டுப் போன திங்கட்கிழமைதான் வேலைக்குத் திரும்பினார். சாப்பாட்டு அறையில் என் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கைபேசியில் படம் காட்டத் தொடங்கினார்.

முதலில் எல்லோரும் எடுக்கும் படங்கள்தான். பெரிய பாலம், பெரிய அருவி, பெரிய தட்டில் சாப்பாடு. பிறகு ஒரு சின்ன ஊர் வந்தது. மரப்பலகை முகப்புக் கடைகள், வாசலில் ஒரு குதிரை வண்டி. செந்தில் அகலத் தொப்பி போட்டு, இடுப்பில் தோல் பட்டியோடு, இரண்டு கைகளிலும் கைத்துவக்கு பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அவருடைய மகள் கைகளை மேலே தூக்கிக்கொண்டு சிரிக்கிறாள்.

"இது பேங்க் கொள்ளைக்காரன் ஒருத்தனோட ஊரு அண்ணே. அந்தக் காலத்துல ரயிலு, பேங்குன்னு ஒண்ணு விடலையாம். அவனுக்கு மியூசியம் கட்டி டிக்கெட் போட்டு விக்கிறான். அவன் பேர்ல ஐஸ்கிரீம் கடைகூட இருக்கு."

"அவன் சுட்ட ஆக்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

செந்தில் கொஞ்சம் யோசித்தார். "அது தெரியலையே அண்ணே. எங்கயாவது எழுதி வச்சிருப்பான். நான் கவனிக்கல."

படம் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கழுவ எழுந்து போனேன். செந்திலில் பிழையில்லை. டிப்போவில் நான் யாருக்கும் எதுவும் சொன்னதில்லை. போன வருடம் பத்து நாள் லீவு எடுத்தபோதுகூட குடும்ப அலுவல் என்று மட்டும்தான் படிவத்தில் எழுதினேன்.

என் தம்பி யோகநாதன் அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தில், அதே மாதிரியான ஒரு சின்ன ஊரில் பெற்றோல் செட் வைத்திருந்தான். போன வருடம் ஒரு பின்னேரம், தன்னுடைய கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி, சுடப்பட்டு இறந்தான். வருகிற வியாழக்கிழமை முதலாவது ஆண்டுத் திவசம். சுட்டவன் பிடிபட்டுச் சிறையில் இருக்கிறான். அவன் செய்ததற்கு அவன் பதில் சொல்லட்டும். யோகனின் சாவில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

யோகன் எனக்கு ஏழு வயது இளையவன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக மெல்பேர்ணுக்கு வந்தேன். அவன் எனக்குப் பிறகு புறப்பட்டு, வழியில் இரண்டு நாடுகளில் சிக்கி, கடைசியில் அமெரிக்காவில் கரையேறினான். வசந்தியைக் கட்டினான். பிள்ளை இல்லை. அந்தக் குறையை என் மகன் கபிலனில் தீர்த்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்குத் தோசை நேரம். அவர்களுக்கு அது சனி பின்னேரம். கைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்துவிட்டு நாங்கள் சாப்பிட, அவன் அங்கேயிருந்து கதைப்பான். பத்து நிமிடம் என்னோடு, ஒரு மணித்தியாலம் கபிலனோடு. கபிலன் ஆங்கிலத்தில் கதைக்க அவன் தமிழில் பதில் சொல்லுவான். இருவருக்கும் அது ஒரு பிரச்சினையாகத் தெரிந்ததில்லை.

அவனுடைய ஊரிலும் ஒரு பழைய கொள்ளைக்காரன் இருந்தான். தன் கூட்டத்தோடு குதிரையில் வந்து ஊர் பாங்கைக் கொள்ளையடித்துக் காசாளரைச் சுட்டுவிட்டுப் போனவன். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஊரவர்கள் கூடி அந்தக் கொள்ளையைத் தெருவிலேயே நடித்துக் காட்டுவார்கள். வெற்றுத் தோட்டா, புகை, குதிரை, பாண்ட் வாத்தியம், சோளப்பொரி எல்லாம் உண்டு. கடை போட்டு நாலாம் வருடமே யோகனையும் நடிக்கக் கூப்பிட்டார்கள். காசாளர் வேஷம்.

"அண்ணை, நான் ரெண்டு நிமிசத்தில செத்துப் போடுவன். மிச்ச நேரம் முழுக்க றோட்டில படுத்திருக்க வேண்டியதுதான்" என்று சிரித்தான்.

"உன்ரை பேர் என்ன நாடகத்தில?"

"காசாளருக்குப் பேரில்லை அண்ணை. கொள்ளைக்காரருக்குத்தான் பேர்."

எங்கள் விக்டோரியா மாநிலத்திலும் அந்தக் காலத்தில் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு பொலிசோடு மோதிய ஒரு கொள்ளைக்காரன் உண்டு. இங்கேயும் அவன் படம் போட்ட துவாலை விற்கிறார்கள். யோகன் அதை வைத்து என்னைச் சீண்டுவான். "உங்கடை கள்ளன் தகரத்தை மாட்டிக்கொண்டு திரிஞ்சவன். எங்கடை கள்ளன் ஒரு ரயிலையே மறிச்சவன்." நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாடு மாறிய பிறகு எங்களுக்குக் கள்ளனும் மாறிப்போனான். அந்த வயதில் இரண்டு பேரும் இதற்காக மல்லுக்கட்டியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்போது சந்தோஷமாக இருந்தது.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கடை வாங்கிய புதிதில், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் கவுண்டருக்குக் கீழே துவக்கு வைத்திருக்கிறார்கள், தானும் ஒன்று வாங்கவா என்று என்னைக் கேட்டான். நான் வேண்டாம் என்றேன். "துவக்கு இருக்கிற இடத்தைத் தேடித்தான் துவக்கு வரும். நாங்கள் ஊரில கண்டது போதாதே?" என்றேன். அதற்குப் பிறகு பதினொரு வருடம் அவன் துவக்கு வாங்கவில்லை. அந்த ஊரில் துவக்கு இல்லாத கடைக்காரன் அவன் ஒருவன்தான் என்று வசந்தி சொல்லிச் சிரிப்பாள். யாராவது கேட்டால், "அண்ணை வேண்டாமெண்டிட்டார்" என்று ஆங்கிலத்தில் சொல்லுவானாம். கேட்டவர்களுக்கு அது விளங்கியிருக்காது.

3

கபிலனின் பதினாறாவது பிறந்தநாளுக்கு யோகன் ஒரு பார்சல் அனுப்பினான். பார்சல் வரவில்லை. கடிதம்தான் வந்தது. நீள உறை, மூலையில் கங்காருவும் ஈமுவும் தாங்கிய அரசாங்கச் சின்னம்.

அந்தச் சின்னத்தைக் கண்டால் இன்றைக்கும் கதவைச் சாத்திவிட்டுத்தான் உறையைப் பிரிப்பேன். பிரஜாவுரிமை எடுத்து எத்தனையோ வருடம், வரி ஒழுங்காகக் கட்டுகிறேன், பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்தாலும் நானே போய்ச் சொல்கிறேன். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அதைச் சொன்னவர் எங்கள் ஊர்ப் பக்கம் சோதனைச் சாவடி கடந்திருக்க மாட்டார்.

கடிதம் சுங்கத் திணைக்களத்திலிருந்து கபிலன் பெயருக்கு வந்திருந்தது. உங்கள் பெயருக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பொதியில் கைத்துவக்கு ஒன்றின் மாதிரி உருவம் இருந்தது, அனுமதியில்லாமல் அதை இறக்குமதி செய்ய முடியாது, ஆகவே பறிமுதல் செய்துள்ளோம். அந்த ஊர்க் கொள்ளைக்காரன் வைத்திருந்த துவக்கைப் போலவே வார்த்த இரும்புப் பொம்மை அது. அங்கே நினைவுப்பொருள் கடையில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் தொங்குமாம். திருப்பி வேண்டுமென்றால் இத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்கவும், வேண்டாமென்றால் நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை என்று கடிதம் முடிந்திருந்தது.

என் மனைவி ராஜி இரண்டு தரம் வாசித்தாள். "ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டுதானே போட்டிருக்கு. விடுங்கோவன்."

"பதில் எழுதாமல் விட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி."

"என்னத்தை ஒப்புக்கொண்ட மாதிரி?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் மனம் விடவில்லை. கபிலனுக்கு அம்புலன்ஸில் வேலை செய்ய வேண்டும் என்று ஆசை. அதற்குப் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் துவக்கு என்ற சொல் ஏதோ ஒரு கொம்பியூட்டரில் ஏறிவிட்டது என்ற நினைப்பில் நான் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் வழக்கப்படி தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குக் கடைசிப் பெயர். கபிலனுக்குக் கடைசிப் பெயர் என் பெயர். யோகனுக்குக் கடைசிப் பெயர் எங்கள் அப்பாவின் பெயர். வெள்ளைக்காரனுடைய கடுதாசியில் பார்த்தால் சித்தப்பாவுக்கும் பெறாமகனுக்கும் ஒரு சம்பந்தமும் தெரியாது. அனுப்பியவர் யாரோ, வாங்குகிறவர் யாரோ. இது தெரிந்ததும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

4

எழுதியதெல்லாம் உண்மை என்று சட்டப்படி உறுதி சொல்லும் சத்தியக் கடதாசியை இங்கே முடிப்பது சுலபம். மருந்துக் கடையிலேயே செய்யலாம். மருந்தாளர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். நானே இணையத்திலிருந்து படிவத்தை இறக்கி, நானே ஆங்கிலத்தில் எழுதினேன். இந்தப் பொதியை நான் கேட்டு எடுப்பிக்கவில்லை. அனுப்பியவரை எனக்கோ என் குடும்பத்துக்கோ தெரியாது. கீழே கபிலன் கையெழுத்துப் போட வேண்டும்.

மருந்துக் கடை வாசலில் கார் நின்றதும் கபிலன் அதை வாசித்தான்.

"பட் ஐ நோ ஹிம். இட்ஸ் சித்தப்பா."

"அது எனக்கும் தெரியும். கையெழுத்தைப் போடு."

"பொய் சொன்னால் தண்டனை எண்டு இதிலேயே போட்டிருக்கு அப்பா. இட்ஸ் ரைட் ஹியர்."

"நான் சொல்லுறன். உனக்கு இதெல்லாம் விளங்காது."

அவனுக்கு எல்லாம் விளங்கியது. விளங்காதவன் நான்தான். ஒன்றும் செய்யத் தேவையில்லாத இடத்தில் உண்மையான ஒரு குற்றத்தைச் செய்தேன். அதையும் பிள்ளையின் கையால் செய்வித்தேன். மருந்தாளர் பெண் அவனைப் பார்த்து, இதில் உள்ளது எல்லாம் உண்மையா என்று முறைப்படி கேட்டாள். கபிலன் என்னைப் பார்த்தான். பிறகு யெஸ் என்றான். 

எங்கள் ஊரில் நாங்கள் அப்படித்தான் தப்பினோம். இராணுவம் சுற்றிவளைத்து ஆட்களை நிற்கவைத்து, இவனைத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது என்பதுதான் பதில். தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்பார்கள். அதற்குப் பிறகு முடிவில்லை. என்னோடு படித்தவனை, பக்கத்து வீட்டுக்காரனை, எனக்குச் சைக்கிள் தந்தவனை, முகத்துக்கு நேரே தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். அவர்களும் என்னை அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக யாரும் யாரோடும் கோபித்ததில்லை.

ஒரே ஒரு தரம் மாறிச் சொன்னேன். பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரையும் இருத்தியிருந்தார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்க இராணுவம் கொண்டுவந்த, முகத்தை மூடிய தலையாட்டி யோகனுக்கு முன்னால் வந்து நின்றான். தலை ஆடவும் இல்லை, ஆடாமலும் இல்லை. யோகனுக்குப் பதினைந்து வயது. துவக்கோடு நின்றவன் அவனைக் காட்டி, யார் இவன் என்று கேட்டான். நான் எழும்பி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, என் தம்பி என்றேன். துவக்கு என் பக்கம் திரும்பியது. நான் திரும்பவும் என் தம்பி என்றேன். ஏன் விட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகும் அவன் என் கையை விடவில்லை.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை கபிலன் கைபேசியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போனான். அரை மணித்தியாலம் கழித்து வந்து, "ஹீ வான்ட்ஸ் யூ" என்று என் கையில் தந்தான்.

யோகன் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. "அண்ணை, என்னைத் தெரியாதெண்டு பிள்ளையைக் கொண்டு எழுதுவிச்சனீங்களோ?"

ஓம், பயந்துபோய்ச் செய்திட்டன், மன்னிச்சுக்கொள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. பிழை செய்தவனுக்குத்தானே கோபம் முதலில் வரும். சின்னப் பிள்ளைக்குத் துவக்கு அனுப்ப உனக்கு என்ன விசரா என்று கத்தினேன். நீ அசல் அமெரிக்கனாகிவிட்டாய் என்றேன். சுடுகிறவனைக் கொண்டாடும் ஊரில் இருந்து இருந்து உன் மூளையும் பழுதாகிவிட்டது என்றேன். ராஜி குசினியிலிருந்து ஓடிவந்து, மெல்லக் கதையுங்கோ என்று கையைக் காட்டினாள்.

அவன் முழுவதையும் கேட்டான். பிறகு சொன்னான்: "அண்டைக்குத் துவக்குக்கு முன்னால நிண்டு தம்பி எண்டனீங்கள். இண்டைக்கு ஒரு கடுதாசிக்குப் பயந்திட்டீங்கள். சரி அண்ணை. தெரியாத ஆளோட உங்களுக்கு என்ன கதை."

அதோடு எங்களுக்குள் கதைபேச்சு இல்லாமல் போயிற்று. யாழ்ப்பாணத்தார் குடும்பங்களில் இது ஒரு நோய். அன்பு போய்விட்டது என்று அர்த்தமில்லை. யார் முதலில் ஃபோன் எடுத்துப் பேசுவது என்பதுதான் கேள்வி. கலியாண வீட்டில் ஒரே பந்தியில் இருந்து, ஒரே வாளியில் பாயசம் வாங்கிக் குடித்து, ஒருவரையொருவர் பார்க்காமலே எழும்பிப் போகத் தெரிந்த சனம் நாங்கள். எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வேலிப் பிரச்சினையில் பதினெட்டு வருடம் கதைக்கவில்லை. நான் மூத்தவன், அவன்தான் எடுக்க வேண்டும் என்று இருந்தேன். ராஜி எவ்வளவோ சொன்னாள்.  அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கபிலன் தோசையைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனான். உள்ளே இருந்து யோகனின் குரல் கேட்கும். நான் சாப்பாட்டு மேசையில் இருந்து காது கொடுத்துக் கேட்பேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது.

சத்தியக் கடதாசிக்கு அந்தச் சுங்கக் கந்தோரிலிருந்து பதிலே வரவில்லை. யாரும் அதை வாசித்திருக்கவும் மாட்டார்கள்.

6

இரண்டாம் வருடத்தில் யோகனின் கடைக்கு ஒருவன் துவக்கோடு வந்தான். பெட்டியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தான் யோகன். வந்தவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். கபிலன்தான் ராஜியிடம் சொன்னான், ராஜி என்னிடம் சொன்னாள். அவனுக்கு ஒன்றுமில்லைதானே என்று கேட்டேன். ஒன்றுமில்லையாம் என்றாள். எடுத்து ஒரு வார்த்தை கேளுங்கோ என்றாள். தம்பியுடையான் படைக்கஞ்சான் என்று படித்த வாய்தான் இது. அந்த வாய் திறக்கவில்லை.

கொஞ்ச நாளில் இன்னொரு செய்தி வந்தது. சித்தப்பா ஒரு துவக்கு வாங்கிவிட்டார். அசல் துவக்கு. அடையாள அட்டையைக் காட்டி, படிவம் ஒன்றை நிரப்பி, அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். "பால் வாங்கப் போன மாதிரிப் போயிட்டு வந்தவர்" என்று வசந்தி சொன்னாளாம். இங்கே ஒரு பொம்மைத் துவக்குக்கு அரசாங்கம் முத்திரை குத்திக் கடிதம் போட்டது. நான் இந்த நாட்டுக்கு வந்த சில வருடத்தில், ஒரு பெரிய படுகொலைக்குப் பிறகு, சனங்கள் தங்கள் துவக்குகளைக் கொண்டுபோய்க் கொடுக்க அரசாங்கம் அவற்றை நசுக்கியதை ரி.வி.யில் பார்த்தேன். துவக்கைத் தாங்களாகவே கொண்டுபோய்க் கொடுக்கிற சனத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. அன்றைக்கு யோகனுக்கு எடுத்து, வா இங்கே, இது எங்களுக்குத் தோதான நாடு என்றேன். அவன் வரவில்லை. அவனுக்கு அங்கே வேர் பிடித்துவிட்டது.

துவக்கு வாங்கி ஐந்து மாதம். ஒரு பின்னேரம், கடையில் வேறு ஆட்கள் இல்லை. வந்தவனுக்கு இருபது வயது இருக்கும். கமெராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. பொலிஸ்காரர் வசந்திக்கு விளக்கியிருக்கிறார்கள். முதல் தரம் செய்ததைப் போல யோகன் பெட்டியைத் திறக்கவில்லை. கை கவுண்டருக்குக் கீழே போனது. மற்றவன் அதைக் கண்டுவிட்டான்.

கீழே ஒன்றும் இல்லாதிருந்தால் அவன் கை அங்கே போயிருக்காது. போகாவிட்டால் வந்தவன் சுட்டிருக்க மாட்டான் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. இதை எனக்கு நானே பலதரம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். நான் வேண்டாம் என்றதற்காகப் பதினொரு வருடம் வெறுங்கையோடு அந்தக் கவுண்டரில் நின்றவன் அவன். நாங்கள் கதைத்துக்கொண்டிருந்திருந்தால் இன்னொரு தரமும் வேண்டாம் என்றிருப்பேன். அவன் கேட்டிருப்பான்.

7

செத்தவீட்டுக்கு நான் தனியாகத்தான் போனேன். அமெரிக்க விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். தம்பியை என்றேன். எவ்வளவு காலம் பார்க்கவில்லை என்றார். மரியாதைக்குக் கேட்டிருப்பார். ஒன்பது வருடம் என்றேன். சந்தோஷமாக இருந்துவிட்டு வாருங்கள் என்று முத்திரை குத்தித் தந்தார். நன்றி என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊர் அவன் சொன்னது போலவே இருந்தது. நடுத்தெருவில் பழைய பாங்க், அதற்கு முன்னால் குதிரையில் கொள்ளைக்காரன், வெண்கலத்தில். அவன் பெயரில் மோட்டல், அவன் பெயரில் பார்பெக்யூ. யோகனைச் சுட்ட பொடியனின் படத்தையும் பெயரையும் உள்ளூர் ரி.வி. நாள் முழுக்கக் காட்டியது. அவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான், என்ன விளையாட்டு விளையாடினான் என்பதெல்லாம் எனக்கு இரண்டு நாளில் பாடமாகிவிட்டது. என் தம்பி அதே செய்தியில் கடை உரிமையாளர் ஒருவர். அயலவர்கள் நல்லவர்கள். கடை வாசலில் பூ வைத்தார்கள், சட்டி சட்டியாகச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அடுத்த மாதம் நடக்க இருந்த விழாவில் அவனுக்காக ஒரு நிமிடம் மௌனம் இருப்பதாகச் சொன்னார்கள். விழாவை நிறுத்துவதாக யாரும் சொல்லவில்லை. காசாளர் வேஷத்துக்கு இன்னொருவரைப் பிடித்திருப்பார்கள்.

வசந்தி அங்கே ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. துவக்கோடு யாராவது வந்தால் என்ன செய்வது என்று ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மூலையில் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். "குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ள இருந்து வளர்ந்தனாங்கள்தானே அத்தான். நான் பழக்கிற வகுப்புப் பிள்ளையள்தான் பள்ளிக்கூடத்தில ஆகச் சத்தமில்லாமல் இருக்குதுகள் எண்டு ஹெட் மிஸ் சொல்லுவா" என்றாள். அழுது அழுது குரல் அடைத்துப்போயிருந்தது. அந்தக் குரலில் இதைச் சொல்லிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி போட எழும்பினாள். நான் இருக்கச் சொல்லியும் கேட்கவில்லை.

அங்கே சுடலை மாதிரி ஒன்றும் இல்லை. பொத்தானை அமுக்குகிற மண்டபம்தான். கொள்ளி வைக்கப் பிள்ளையில்லாததால் நான்தான் பொத்தானை அமுக்கினேன். அதற்கு முதல் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்ற இடத்தில் சகோதரன் என்று எழுதினேன். யாரும் அத்தாட்சி கேட்கவில்லை.

8

எல்லாம் முடிந்து நான் திரும்புவதற்கு முதல் நாள், வசந்தி கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"அத்தான், உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும். துவக்கு வாங்கப் போறன் எண்டு இவர் வெளிக்கிட்ட நேரம் நான்தான் சொன்னனான், முதல்ல அண்ணையை ஒருக்காக் கேளுங்கோ எண்டு. அவர் மாட்டன் எண்டவர். பிறகு என்ன நினைச்சாரோ, உங்களுக்கு ஃபோன் எடுத்தவர். நீங்கள் எடுக்கேல்லை. கொஞ்ச நேரம் ஃபோனைக் கையில வச்சுக்கொண்டு இருந்தவர். பிறகு கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போனவர். நீங்கள் ஏன் அத்தான் எடுக்கேல்லை?"

வேலையில் இருந்திருப்பேன் என்றேன். பஸ் ஓட்டும்போது ஃபோன் பைக்குள் இருக்கும், அவன் எடுத்தது எனக்குத் தெரியாது என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "நானும் அப்பிடித்தான் இவருக்குச் சொன்னனான். டிரைவிங்கில இருப்பார் எண்டு."

அன்றைக்கு நடந்தது இது. வெரிபீ ஸ்டேஷன் வாசலில் பஸ் நின்றது. அடுத்த ஓட்டத்துக்கு ஏழு நிமிடம் இருந்தது. பஸ்ஸில் ஒருவரும் இல்லை. நான் ஃபோனைக் கையில் வைத்துச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடித்தது. யோகன் என்று பெயர் வந்தது, கபிலனைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் அவனுடைய பழைய படமும் வந்தது. நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சந்தோஷத்தில்தான். ஒன்றரை வருடத்துக்கு மேல் கழித்து அவனாக எடுக்கிறான். நான் வென்றுவிட்டேன். உடனே எடுத்தால் காத்திருந்தவன் போலத் தெரியும் என்று நினைத்தேன். இன்னொரு தரம் எடுக்கட்டும், அப்போது கதைப்போம் என்று ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். அடித்து நின்றது. மிச்ச ஐந்து நிமிடமும் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள்.

இதை ராஜிக்கு நான் சொல்லவில்லை. வசந்தி நான் சொன்னதை நம்பிக்கொண்டு இருக்கிறாள். கபிலன் இப்போது அம்புலன்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம். தேவைக்கு என்னோடு கதைப்பான். போன கிழமை குசினியில் தனியாக நின்றவனைக் கண்டு, திவசத்துக்கு வருகிறாய்தானே என்று கேட்டேன். "ஓஃப் கோர்ஸ்" என்றான். பிறகு, "அட் லீஸ்ட் யூ டிட்ன்ற் நோ, சித்தப்பா ஃபோன் எடுத்தது" என்றான். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அதைச் சொன்னான். என் தோளில் கையும் வைத்தான். வசந்தி அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். நான் ஓம் என்றேன்.

கபிலனுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. இவ்வளவையும் ஒளிக்காமல் எழுத முடிந்தது அந்தத் தைரியத்தில்தான். ஆனால் வசந்தி வாசிப்பாள். இது பத்திரிகையில் வந்ததும் அவளுக்கு ஒரு பிரதி அனுப்பப் போகிறேன். அவள் அவனுக்குச் சொல்லுவாள். அவன் வந்து கேட்பான். ஓம் அப்பன், கண்டனான், வேணுமெண்டுதான் எடுக்கேல்லை என்று நான் சொல்ல வேண்டும். வெற்று பஸ்ஸில் இருக்கும்போது அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் வாய் வருகுதில்லை.